எட்டுப் பேர் படிக்கும் வகுப்பு

மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013–2025 ஆவணத்தை ஒரு கதைபோல வாசித்துப் பார்த்தேன். நாயகன் தலைமையாசிரியர். நல்ல தலைமை, ஆசிரியருக்குப் பக்கத்தில் ஒரு பயிற்றுநர், இரண்டும் கிடைத்தால் பின்தங்கிய பள்ளி எழுந்துவிடும். நம் தோட்டக் கதைகளிலும் இதே ஆள் உண்டு, சைக்கிளில் வந்து இறங்கும் வாத்தியார்.

பள்ளிகளை 7 தரங்களாகப் பிரித்தார்கள். 6, 7-இல் கிடப்பவை நலிந்தவை. மாவட்ட உருமாற்றத் திட்டம் 2013-இல் கெடாவிலும் சபாவிலும் தொடங்கி, அடுத்த ஆண்டே நாடு முழுக்க வந்தது. வெறும் சுற்றறிக்கையோடு நிற்காமல், வகுப்பறைக்கே முழுநேரப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அளவுகோலைப் பாருங்கள். ஆரம்பப்பள்ளியின் தரத்தில் பெரும்பங்கு யூபிஎஸ்ஆர் முடிவுக்குத்தான் இருந்தது. நெகிரி செம்பிலான் தோட்டப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டில் 8 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை கோட்டைவிட்டால் தேர்ச்சி 12.5 விழுக்காடு சரியும். சிரம்பான் லோபாக் பக்கம், 80 பேர் எழுதும் பள்ளியில் அதே சறுக்கல் 1.25 விழுக்காடுதான். மறு ஆண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள் எட்டுப் பேர் அமைந்தால் தோட்டப்பள்ளி 'உருமாறி' விடும். வாத்தியார் அதே வாத்தியார்தான்!

ஏன் எட்டே பேர்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமாயின, நம்மாட்கள் மூட்டை கட்டிக்கொண்டு லோபாக் மாதிரிப் பட்டணத்து ஓரங்களுக்கு வந்தார்கள். பள்ளி மட்டும் செம்பனைக்குள்ளேயே நின்றுவிட்டது. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 520 சொச்சம். பல பள்ளிகளின் நிலம் கம்பெனி பெயரில். அதனால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகள்; ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது, கட்டடம் என்றதும் பேச்சு மாறும். கழிவறை கட்டவும் நிலத்துக்காரர் தலையாட்ட வேண்டும். இதில் தலைமையாசிரியருக்கு என்ன பயிற்சி கொடுப்பீங்க?

பிள்ளைகள் இருக்கும் குடியிருப்புக்குப் பள்ளி உரிமத்தை மாற்றுவதும் பள்ளியைத் திருத்தும் வேலைதான். மெதுவான, அலுப்பூட்டும் வேலை. நில அலுவலகம், மாநில அரசு, கம்பெனி, பள்ளி வாரியம் என்று நான்கு வாசல் ஏற வேண்டும். எந்தப் பயிற்றுநரின் வருகைப் பதிவிலும் இது ஏறாது.

2021-இல் யூபிஎஸ்ஆரை எடுத்துவிட்டார்கள். அடுத்து எந்த அளவுகோல் வந்தாலும், பள்ளியின் பெயருக்கு நேரே ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: நிலப்பட்டா யார் பெயரில்?