அன்னையர் தினத்தோடு முடிந்துபோகும் தோட்டம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ரொறொன்ரோவின் குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களிலிருந்து பெற்றோருக்கு வரும் செய்தி மடல்களில் தோட்டம்தான் முதல் செய்தி. பிள்ளைகள் விதை ஊன்றுகிறார்கள், சின்னப் பூவாளியோடு நிற்கிறார்கள், மண் அப்பிய கையைக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் அந்தப் படங்களை ஊரிலுள்ள அம்மம்மாவுக்கு அனுப்பி மகிழ்வதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் செடிகளுக்குப் பிறகு என்ன ஆனது என்பதை ஜூலை மடலிலோ ஓகஸ்ட் மடலிலோ தேடினால் அநேகமாக ஒன்றும் இருக்காது. கேட்டால், இந்த வயதில் விளைச்சல் முக்கியமில்லை, அனுபவம்தான் முக்கியம் என்ற பதில் வருகிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் அந்தப் பதில் தவறானது என்பது என் நெடுநாளைய கருத்து. கூடை நிறையக் காய் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. எதை அனுபவம் என்கிறோம் என்பதே கேள்வி.

இந்த வழக்கத்தில் நல்லது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் குளிருக்குள் அடைபட்டிருந்த பிள்ளை மண்ணைத் தொடுவதே பெரிய காரியம். பின்லாந்தில் சில பராமரிப்பு நிலையங்களின் சரளைக்கல் முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்லையும் பரப்பிப் பார்த்தார்கள். 28 நாளில் அங்கு விளையாடிய பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியதையும், நோயெதிர்ப்பைச் சீர்ப்படுத்தும் அறிகுறிகள் இரத்தத்தில் கூடியதையும் 2020இல் வெளியிட்டார்கள். தோட்டத்தின் பக்கம் நின்று பேசுவோர் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவதும் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் நாள் தவறாமல் மண்ணில் புழங்கியவர்கள். படம் எடுப்பதற்கான ஒரு காலைப்பொழுதுக்கு அந்த ஆய்வு சாட்சி சொல்லாது.

வழமையாக நடப்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். ஏப்ரல் முதற் கிழமைகளில் ஒரு போஞ்சி விதையை ஈரத் தாளில் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, பிள்ளையின் பெயரெழுதி யன்னல் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். சில நாளில் விதைத்தோல் வெடித்து வெள்ளை வேர் கீழே இறங்குகிறது. பிறகு தண்டு கொக்கிபோல வளைந்து, இரண்டு வித்திலைகளையும் தூக்கிக்கொண்டு நிமிர்கிறது. மூன்று வயதுப் பிள்ளை திரும்பத் திரும்ப ஓடிவந்து பார்க்கிற காட்சி இது. இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. அடுத்து முளை பிளாஸ்டிக் கோப்பைக்கு மாறுகிறது. வெளிச்சம் போதாமல் மெலிந்து நீள்கிறது. மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம் வருகிறது; அதற்கு முந்திய வெள்ளியன்று கோப்பைக்கு ரிபன் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ரொறொன்ரோவில் அந்த நாட்களில் இன்னும் உறைபனி விழக்கூடும். இங்கு வீட்டுத்தோட்டம் செய்கிற நம்மவர்கள் போஞ்சியையும் தக்காளியையும் மே பிற்பகுதியில் விக்டோரியா தினம் வரும்வரை வெளியே நடாமல் பொறுத்திருப்பார்கள். அடுக்குமாடி வீட்டின் குசினி யன்னலில், ஒரு பிடி மண்ணுக்குள் வேர் சுருண்டு, அந்தச் செடி வாடிப்போகிறது. போஞ்சி ஊன்றிய நாளிலிருந்து காய் பறிக்க 50, 60 நாளாவது வேண்டும். பிள்ளை கண்டதோ முதற்பாதி மட்டும். பூ உதிர்ந்த இடத்தில் பிஞ்சு நீள்வதை அது காணவில்லை. காய் முற்றிக் காய்ந்ததும், தான் ஊன்றியதைப் போன்ற விதைகள் உள்ளே வரிசையாக இருப்பதையும் காணவில்லை. விதை எங்கிருந்து வருகிறது என்பதற்குச் செடியே சொல்லக்கூடிய விடை, சொல்லப்படாமலே போய்விடுகிறது.

இப்படி ஆவதற்கு மடலே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மடலுக்குப் படம் வேண்டும். ஊன்றுவது நல்ல படம், முளைத்த பச்சை அதைவிட நல்ல படம். களை பிடுங்குவதும், மழை பெய்த மறுநாள் தண்ணீர் விடாமல் இருப்பதும், ஒன்றும் நடக்காத பத்து நாளைப் பொறுத்திருப்பதும் படத்துக்கு உதவாதவை. செத்த முளை அறவே உதவாது. ஆகவே முளைக்காத விதையின் இடத்தில், பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, கடையில் வாங்கிய நாற்றை யாரோ நட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமை வரும் பிள்ளை, தன்னுடையது என்று நம்பி இன்னொருவர் வளர்த்த செடிக்குத் தண்ணீர் விடுகிறது. அன்பினால் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் தன் விதை அழுகியது, அதற்குத் தான் ஊற்றிய அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் காரணமாக இருக்கலாம் என்று அறியும் வாய்ப்பை அந்த அன்பு பறித்துவிடுகிறது. பிள்ளைகளுக்கான தோட்டத்தை முறையாகச் சிந்தித்த முன்னோடியான ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் இதை நன்றாக உணர்ந்திருந்தார். 1840இல் ஜெர்மனியில் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டு அவர் வகுத்த முறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தி உண்டு. எல்லாருக்குமான பொதுப் பாத்திகளும் உண்டு. பொதுப் பாத்தியில் ஒழுங்கு கட்டாயம். தனிப் பாத்தியிலோ பிள்ளை விரும்பியதை விரும்பியபடி நடலாம், கெடுக்கவும் கெடுக்கலாம். கவனமில்லாமல் நடத்தினால் செடி என்னவாகும் என்பதைத் தன் பாத்தியிலேயே அது படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்றைய பெட்டிப் பாத்திகளில் பிள்ளையின் பெயர் எழுதிய குச்சி இருக்கிறது, அந்த உரிமை இல்லை.

மூன்று வயதுக்கு அவ்வளவு பொறுமை வராது என்பார்கள். கல்வியாளர் மரியா மொண்டெசோரி இதற்கு நேரெதிராகச் சொன்னார்: செடி வளர்ப்பதில்தான் பிள்ளைக்குப் பொறுமையும் நம்பிக்கையோடு காத்திருக்கும் பழக்கமும் வருகின்றன என்றார். வந்த பொறுமையோடு பிள்ளை தோட்டத்துக்குள் நுழைய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தலைகீழ். ஆளும் நேரமும் போதாது என்ற மறுப்பு இன்னும் வலுவானது. ஒன்ராறியோவில் பாலர் பிரிவில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதே விதி. அந்த ஒருவரின் களைப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் முழுநாள் நிலையங்களில் பிள்ளைகள் தினமும் இரண்டு மணிநேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதும் அதே மாகாணத்தின் விதிதான், காலநிலை இடங்கொடுத்தால். அந்த இரண்டு மணிநேரத்தில் பத்து நிமிடம் ஒரு பாத்தியைச் சுற்றி வரப் போதும். செத்த செடியைக் கண்டு பிள்ளை அழும் என்றால், அழட்டும். மரணத்தை முதன்முதலாகச் சந்திக்க ஒரு போஞ்சி முளையைவிட இதமான இடம் எங்கே கிடைக்கும்? இரண்டு வேலை பார்க்கும் பெற்றோருக்கு அந்த மடல்தான் பிள்ளையின் பகலைக் காட்டும் ஒரே யன்னல் என்பார்கள். அப்படியானால் அதில் உண்மை இருக்க வேண்டும். “எங்கள் விதைகளில் பாதி அழுகிவிட்டன, ஏன் என்று பிள்ளைகள் தோண்டிப் பார்த்தார்கள், மறுபடி ஊன்றினோம்” என்று எழுதும் மடலை எந்தத் தாயும் குறையாக நினைக்கமாட்டாள். வீட்டில் அவள் பிள்ளையிடம் கேட்பதற்கு அதில் விஷயமும் இருக்கும்.

மாற்று வழி கடினமானதல்ல. குளிர்ந்த ஏப்ரல் மண்ணில் முளைக்காத போஞ்சியை விட்டுவிட்டு, குளிரைத் தாங்கும் பட்டாணியை வெளியிலேயே ஊன்றலாம். சிவப்பு முள்ளங்கி 25, 30 நாளில் கையில் வந்துவிடும். அன்னையர் தினத்துக்குக் கிடைக்காவிட்டாலும் மே முடிவதற்குள் பிள்ளையே பிடுங்கிக் கழுவிக் கடித்துப் பார்க்கும். இவற்றிலும் மேலானது உள்ளிப்பூண்டு. ஒக்டோபரில் ஒரு பல்லை ஊன்றி வைக்கோலால் மூடினால், வின்ரர் முழுதும் பனிக்கு அடியில் கிடந்து, வேறெதுவும் தலைகாட்டுவதற்கு முன் வசந்தத்தில் முளை விடும். ஜூலையில் பிடுங்கினால் ஒரு பல் முழுப் பூண்டாகியிருக்கும். செப்டெம்பரில் பள்ளிக்கூடத்துக்கு மாறிப்போகிற பிள்ளையும் அதற்குள் ஊன்றியதன் முடிவைக் கண்டுவிடும். நம்முடைய வீடுகளில் கறிவேப்பிலைச் சட்டியை வின்ரருக்கு உள்ளே தூக்கிவைத்து வெயில் வந்ததும் வெளியே எடுக்கும் அம்மம்மாமாருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியும். நிலையங்கள் அவர்களை ஒருநாள் அழைத்தால் வராமல் இருக்கமாட்டார்கள். பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். மே மாதம் கோப்பை வீட்டுக்கு வந்தால் நன்றி சொல்லி வாங்குங்கள். ஒக்டோபரில் ஒரு பூண்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். உங்கள் பிள்ளைக்கென்று ஒரு அடி மண் கேளுங்கள், அதில் வேறு யாரும் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.