தலைநகரச் சுற்றுலாவில் விடுபடும் அதியன்னூர்

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிப் பள்ளிகளுக்குத் திருவனந்தபுரத்துக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா போய்வருவது பழகிப்போன ஒன்று. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அதியன்னூரிலிருந்து தலைநகரம் இருபது கிலோமீட்டருக்குள்தான். காலையில் பேருந்து ஏறினால் மிருகக்காட்சிசாலை, நேப்பியர் அருங்காட்சியகம், ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம், கிழக்கேகோட்டை, குதிரமாளிகை, பிரியதர்சினி கோளரங்கம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது சங்குமுகம் கடற்கரையில் இறங்கி விளையாடி, இருட்டியதும் வீட்டுக்கு வந்துவிடலாம். கேரள எல்லைக்கு இப்பால் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். இந்தப் பழக்கம் தொடர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இன்று நடக்கும் முறையில் அது பிள்ளைகளுக்கு அரசர்களின் திருவிதாங்கூரை மட்டுமே காட்டுகிறது. அந்த அரசை எதிர்த்து நின்ற மனிதர்கள், அவர்களில் சிலர் இந்த ஊர்ப்பக்கமே பிறந்தவர்கள், பார்வையில் படுவதே இல்லை. இதைக் குறையாகச் சொல்வதற்கு முன் பழக்கத்தின் நிறையைச் சொல்லிவிட வேண்டும்.

நேப்பியர் அருங்காட்சியகத்தின் முதல் காட்சிப்பொருள் அந்தக் கட்டடம்தான். 1857இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, ராபர்ட் சிஷோம் வடிவமைத்த இந்த இந்தோ-சாரசனிக் மாளிகையை 1880இல் கட்டி முடித்தார்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. பல நிறப் பட்டைகள் ஓடும் சுவர், கேரளத்து வீடுகளை நினைவூட்டும் கூரை முகப்புகள், வெயில் காலத்திலும் உள்ளே காற்று ஓடும்படி அமைந்த கூடம் ஆகியவற்றைப் பாடப்புத்தகப் படம் காட்டிவிடாது. உள்ளே இருக்கும் செப்புத் திருமேனிகளும் அப்படித்தான். புத்தகத்தில் சிலையின் முகம் மட்டும் தெரியும். நேரில் நின்று பீடத்தைப் பார்த்தால் பக்கவாட்டில் துளைகளோ வளையங்களோ தெரியும். திருவிழாவில் கம்பு கோத்து, கயிறு கட்டி, தோளில் ஏற்றி வீதியுலா கொண்டுபோவதற்காக வார்த்த சிலை அது என்று அந்தத் துளை சொல்லிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்பது ஒருகாலத்தில் தெருவில் ஆடி அசைந்து வந்தது என்று ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் அந்த நாளின் செலவு தகும். குடும்பத்தோடு ஊர் சுற்ற வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலாதான் இந்தப் பொருள்களுக்கு எதிரில் போய் நிற்க ஒரே வாய்ப்பு. பாதுகாப்பும் இருக்கிறது. 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் மீது மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். தொலைவும் இரவுப் பயணமும் எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டிவிட்டது. பக்கத்துத் தலைநகரத்துக்குப் பகலில் போய்வரும் பயணத்தில் அந்த அச்சம் வெகுவாகக் குறைகிறது.

குறைகளில் வெளிப்படையானது அவசரம். இதை எல்லா ஆசிரியர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்பதால் நீட்டவில்லை. ஒரே நாளில் ஆறேழு இடம் என்று போட்டால் மிருகக்காட்சிசாலை முற்பகலை விழுங்கிவிடும். ஓவியக்கூடத்தில் படங்களுக்கு முன்னால் வரிசை நிற்காமல் நகர்ந்தபடியே இருக்கும். நேரம் கிடைத்தால் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்குப் பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே உள்ள மேத்தன்மணி சான்று. தாடிவைத்த ஒரு முகம், இரண்டு பக்கமும் ஆட்டுக்கிடாய்கள். மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும், கிடாய்கள் கன்னத்தில் வந்து முட்டும். வஞ்சியூரைச் சேர்ந்த குளத்தூக்காரன் என்ற கைவினைஞர் செய்தது. முட்டும் அந்த நேரத்துக்காகக் காத்து நிற்கப் பிள்ளைகளுக்கு அலுப்பே வராது. ஆனால் அடுத்த மணி அடிக்கும்வரை நிற்கப் பயணத்திட்டம் இடம் கொடுக்காது.

இதைவிட ஆழமான குறை, எதைப் பார்ப்பது என்ற தேர்வில் இருக்கிறது. மேத்தன்மணிக்குச் செய்தவர் பெயராவது தங்கியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் குதிரமாளிகையைச் சுவாதித் திருநாள் மகாராஜா கட்டினார் என்று எல்லோரும் சொல்வார்கள். கூரையைத் தாங்கி நிற்கும் 122 மரக்குதிரைகளைச் செதுக்கிய ஆசாரிமார் யார், எந்த ஊர்க்காரர்கள் என்ற பேச்சே எழாது. அதியன்னூரிலிருந்து போகும் பேருந்து பாலராமபுரத்தைக் கடந்துதான் போகிறது. தெற்கேயிருந்து நெசவாளர் குடும்பங்களை வரவழைத்துக் குடியேற்றி, அரண்மனைக்கு வேண்டிய துணியை நெய்யச்செய்த இடம் அது. சாலியர் தெருவில் இன்றும் குழித்தறியில் கசவு நெய்கிறார்கள். தமிழ் பேசும் எல்லை ஊர்களிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் கிடைக்காது. வண்டி மட்டும் அங்கே நிற்பதில்லை. பத்மநாபசுவாமி கோயில் வாசலிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. உள்ளே போக இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்து வகுப்பு ஒன்று அங்கே போனால் பாதிப் பேர் உள்ளே போவார்கள், மீதிப் பேர் வெளியே காத்திருப்பார்கள். கோயிலின் வழக்கத்தைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. ஒரே வகுப்பாகக் கிளம்பியவர்களை இரண்டாகப் பிரித்து நிறுத்தும் இடத்தைப் பள்ளியின் திட்டத்தில் சேர்க்கலாமா என்பதே கேள்வி. வெளியிலிருந்து எல்லோரும் சேர்ந்து கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் குதிரமாளிகைக்குப் போவதே முறை என்பேன்.

இப்போது அதியன்னூருக்கு வருவோம். 'சுவதேசாபிமானி' கே. ராமகிருஷ்ண பிள்ளை 1878இல் பிறந்த ஊர் இது. வக்கம் அப்துல் காதர் மௌலவி தொடங்கிய 'சுவதேசாபிமானி' இதழின் ஆசிரியராக 1906இல் பொறுப்பேற்றார். திவான் ராஜகோபாலாச்சாரியையும் அரசு நிர்வாகத்தின் ஊழலையும் பெயர் சொல்லி எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் அரசு அச்சகத்தைப் பூட்டி முத்திரையிட்டு, இதழைத் தடைசெய்து, ஆசிரியரைத் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விட்டது. அச்சகத்தின் உடைமையாளரான மௌலவி இழப்பை ஏற்றுக்கொண்டாரே தவிர, ஆசிரியரைக் கைவிடவில்லை. நாடுகடத்தப்பட்ட நிலையிலும் பிள்ளை எழுத்தை நிறுத்தவில்லை. 1912இல் கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் வெளியிட்டார். 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமை கடைசிவரை கிடைக்கவில்லை. தலைநகரில் பாளையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கோட்டையிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போகும் வழி பாளையம்தான். தங்கள் ஊரில் பிறந்து, அந்த அரண்மனைகளின் அரசால் துரத்தப்பட்ட ஒரு பத்திரிகையாளரின் சிலையைக் கடந்து, அதே அரண்மனைகளைப் பார்க்க அதியன்னூர்ப் பிள்ளைகள் போகிறார்கள். யாரும் அவர்களுக்குச் சன்னல் வழியாகக்கூட அதைக் காட்டுவதில்லை என்றால் அந்தப் பயணத்துக்குக் கல்விச் சுற்றுலா என்ற பெயர் பொருந்தாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, "ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பது. பிள்ளைகள் யானைத் தந்தச் சிற்பத்தையும் புலியையும் பார்க்க ஆசைப்படுவார்கள், வெறும் நினைவிடத்தில் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பார்கள். இது பாதி உண்மை. சிலையும் கல்வெட்டும் மட்டும் இருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும். ஆனால் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் கண்ணால் பார்க்க உண்மையான பொருள்களும் இருக்கின்றன. ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயிலில் அம்மச்சிப் பிலாவு என்ற பலாமரத்தின் அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. எதிரிகளுக்குத் தப்பி மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது வழக்கு. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் இருக்கிறது. 1888இல் சமூகச் சீர்திருத்தவாதி நாராயண குரு ஆற்றிலிருந்து கல்லை எடுத்துச் சிவனாக நிறுவிய இடம். ஊருட்டம்பலம் பள்ளியில் பாதி கருகிய ஒரு பெஞ்சை வைத்துக் காக்கிறார்கள். பஞ்சமி என்ற தலித் சிறுமியைத் தலித் உரிமைப் போராளி அய்யன்காளி அழைத்துவந்து அதில் உட்கார வைத்தார் என்பதற்காக ஆதிக்கச் சாதியினர் அந்தப் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். ஒரு மாணவிக்குத் தன்னைப் போன்ற ஒருத்தி உட்கார்ந்த பெஞ்சைவிட நெருக்கமான காட்சிப்பொருளை எந்த அருங்காட்சியகம் கொடுத்துவிடும்? அந்தப் பெஞ்சைப் பார்த்தபின் தலைநகரில் வெள்ளையம்பலம் சந்திப்பில் நிற்கும் அய்யன்காளி சிலை வெறும் போக்குவரத்து அடையாளமாகத் தெரியாது. அருங்காட்சியகத்துக்கு மிக அருகில்தான் அந்தச் சந்திப்பு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அரச குடும்பத்தை இழிவுபடுத்தவே இப்படியெல்லாம் சொல்கிறார்கள், அவர்கள் செய்த நன்மையையும் பார்க்க வேண்டாமா என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வரலாறு விளங்கும். அருங்காட்சியகத்தை மக்களுக்குத் திறந்தது உத்திரம் திருநாள் ஆட்சி. அதே ஆட்சிதான் 1859இல், நெடுங்காலப் போராட்டத்துக்கும் கலவரத்துக்கும் பிறகு, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அறிவித்தது. சித்திரைத் திருநாள் 1935இல் ஓவியக்கூடத்தைத் திறந்தார். 1936 நவம்பர் 12இல் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். இந்தியாவே வியந்த செயல் அது. 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து வீரராகவன் உள்ளிட்டோர் மாண்டதும் அவர் காலத்தில்தான், திவான் சி.பி. ராமசாமி ஐயர் அதிகாரத்தில். அருவிப்புறத்தில் சிவன் எழுந்த 1888ஆம் ஆண்டில்தான் ஸ்ரீமூலம் திருநாள் சட்டமன்றக் குழுவை அமைத்தார். அதே மன்னரின் அரசு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ராமகிருஷ்ண பிள்ளையை நாடுகடத்தியது. இவற்றைச் சொல்வதால் யாருக்கும் இழிவு இல்லை. நன்மை மட்டும் சொன்னால் அந்த நன்மைகளை யார் கேட்டுப் பெற்றார்கள், எதற்காகக் கேட்க வேண்டியிருந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அரசியல், பாரம் என்றும் சொல்வார்கள். கீழ் வகுப்புகளுக்கு மிருகக்காட்சிசாலையும் கடற்கரையும் போதும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் எட்டாம் வகுப்புக்கு மேல் சமூக அறிவியல் பாடத்தில் கேரளத்தின் மறுமலர்ச்சி வருகிறது, தேர்வும் எழுதுகிறார்கள். மதிப்பெண்ணுக்குப் பாரமாக இல்லாதது பயணத்துக்கு மட்டும் எப்படிப் பாரமாகும்?

மாற்றம் பெரிதாக வேண்டியதில்லை. மேல் வகுப்புச் சுற்றுலாவில் இரண்டு இடங்களைக் குறைத்துவிட்டு அதியன்னூரில் ராமகிருஷ்ண பிள்ளையின் கதையைச் சொல்லித் தொடங்கலாம். பாலராமபுரத்தில் ஒரு தறியருகே அரைமணி நேரம் நிற்கலாம். பாளையத்தில் இறங்கிச் சிலையைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து அதன் முன் நிதானமாக நிற்கட்டும். பிற்பகல் கிடைத்தால் கிழக்கேகோட்டையில் ஆவணக்காப்பகம் நடத்தும் ஓலைச்சுவடி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வட்டெழுத்தையும் பழந்தமிழ் எழுத்தையும் ஓலையில் நேரே பார்க்கும் வாய்ப்பு எல்லை ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே இருக்கிறது. அடுத்த சுற்றுலாவுக்குப் பட்டியல் போடும் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் அந்தப் பட்டியலின் முதல் வரியில் தங்கள் ஊரை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.