பார்த்துக்கொள்வதும் படிப்பிப்பதும்

முன்பள்ளி வாசலில் பிள்ளையின் கையை விடுகிற தாய், "டீச்சர், பிள்ளையப் பாத்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். திரும்பக் கூட்டிப்போக வரும்போது அதே தாய், "இண்டைக்கு என்ன படிப்பிச்சீங்க?" என்று கேட்பார். பார்த்துக்கொள்வது ஒரு வேலை, படிப்பிப்பது வேறொரு வேலை என்ற எண்ணம் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. மூன்று முதல் ஐந்து வயது வரை இவை இரண்டும் ஒரே வேலைதான் என்பதே என் துணிபு.

ஈச்சிலம்பற்றை வைத்து இதை எண்ணிப் பார்க்கலாம். திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே, வெருகல் பிரதேசத்தில் உள்ள ஊர் இது. 2004 டிசம்பரில் இப்பகுதியின் கரையோரத்தை ஆழிப்பேரலை தாக்கியது. 2006இல் மாவிலாற்றில் மூண்ட போர் மக்களை வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. 2007இல்தான் மீள்குடியேற்றம் தொடங்கியது. அன்று தாயின் கையைப் பிடித்துப் போன குழந்தைகள் இன்று தம் பிள்ளைகளை முன்பள்ளிக்குக் கூட்டிவரும் வயதில் இருக்கிறார்கள். தாம் இழந்த அந்தப் பருவம் தம் பிள்ளைக்காவது முழுதாகக் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பாமல் இருப்பார்களா? பயமில்லாத ஓர் இடம், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு பெரியவர், நேரத்துக்கு உணவு: இவையே அப்பருவத்தின் முதற்பாடங்கள்.

பராமரிப்பு என்றால் என்ன? அமெரிக்க மெய்யியலாளர் நெல் நொடிங்ஸ் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் உரைகல் தந்தார். கவனித்தேன் என்று பெரியவர் சொன்னால் போதாது. கவனிக்கப்பட்டதைப் பிள்ளை உணரும்போதுதான் அது நிறைவடைகிறது என்றார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். "ஏன் சாப்பிடேல்ல?" என்று எல்லார் முன்னும் அதட்டுவதும் ஒருவகைக் கவனிப்புத்தான், பிள்ளைக்கு அது வெட்கமாகவே போய்ச் சேரும். பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு வாய் சாப்பிடும் டீச்சரின் அக்கறை பிள்ளையைத் தொடுகிறது.

இதன் பலம் கல்வியிலும் தெரியும். கை கழுவும்போது "முதல்ல இந்தக் கை, பிறகு மற்றக் கை" என்று சொல்லச் சொல்ல, மொழியும் வரிசையும் எண்ணும் பிள்ளைக்குள் இறங்குகின்றன. அழுத பிள்ளைக்கு மற்றப் பிள்ளை தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போது அறநெறி வகுப்பு அங்கேயே நடந்துவிடுகிறது.

பராமரிப்பை நாம் நடத்தும் விதத்தில் குறைகளும் உண்டு. முதலாவது, எல்லாவற்றையும் தானே செய்துவிடும் அன்பு. ஊட்டிவிடுவது, பொத்தான் போட்டுவிடுவது, ஓடினால் விழும் என்று இருத்திவைப்பது எல்லாம் பாசத்தால் வருபவை. ஆயினும் பிள்ளையின் கையிலிருந்து திறனைப் பறிப்பவை. மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் தண்ணீர் ஊற்றுவதும் துடைப்பதும் பாடமானது இதனால்தான்.

இரண்டாவது, கொப்பியின் ஆட்சி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வரை நீள்கிறது. பென்சில் பிடிக்க விரல் பழகுமுன் பக்கம் நிறைய எழுத வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். எழுதிய பக்கத்தை வீட்டில் காட்டலாம். ஆறுதல் பெற்ற மனதைக் காட்ட முடியாது.

மூன்றாவதும் பெரியதுமான குறை, இந்தச் சுமை முழுவதையும் பெண்கள் மீது இறக்கிவைப்பது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப்பணிக்காக வெளிநாடு போவதை இலங்கை அரசு 2013இல் கட்டுப்படுத்தியது. 2022இல் அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. வேலை தேடிப் போகும் தந்தைக்கு அப்படியொரு விதி இல்லை. தாய் போன வீட்டில் அம்மம்மாவும் முன்பள்ளி டீச்சரும் அந்த இடத்தை நிரப்புகிறார்கள். டீச்சருக்குக் கிடைப்பதோ பெற்றோர் தரும் சிறு கட்டணமும் சொற்பக் கொடுப்பனவும். "தாய்போலப் பார்க்கிறா" என்ற புகழ்ச்சி, சம்பளத்தைப் பற்றிய பேச்சை அடைத்துவிடுகிறது. அரசின் இலவசக் கல்வி முதலாம் தரத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டுகள் கோயில், தேவாலயம், பிரதேச சபை, தொண்டு நிறுவனம் என யார் யாரோ தாங்கும் பொறுப்பாகவே இருக்கின்றன. அன்பு டீச்சரிடமிருந்து வரலாம். அது வருடம் முழுவதும் வற்றாமல் இருக்க, பயிற்சியும் கௌரவமான ஊதியமும் ஒருவர் பார்க்கக்கூடிய அளவு பிள்ளைகளும் வேண்டும்.

எடை போட்டுப் பார்த்தால், பராமரிப்பு முன்பள்ளியின் உயிர். குறைகள் பராமரிப்பினால் வந்தவையல்ல; அதை அறிவற்ற வேலையாகவும் கூலியற்ற வேலையாகவும் நாம் கருதியதால் வந்தவை. மாகாணக் கல்வி அதிகாரிகள் முன்பள்ளி ஆசிரியைகளின் ஊதியத்தை உயர்த்துவதிலிருந்து திருத்தத்தைத் தொடங்கட்டும். பெற்றோரே, நாளை பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது, என்ன படிப்பித்தீர்கள் என்று கேட்கும் முன், "பிள்ளை யாரோட விளையாடினது, டீச்சர்?" என்று கேளுங்கள்.