தாமதமாகக் கிடைத்த பெயர்

ஸ்கொட்லாந்து நகைச்சுவைக் கலைஞர் ஃபேர்ன் பிறேடி 2023 இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரோங் ஃபீமேல் கரக்டர்’ என்னும் தன்வரலாறு, தாமதமாகக் கிடைத்த ஒரு பெயரின் வரலாறாகும். தமக்கு ஓட்டிசம் உண்டெனப் பதின்ம வயதிலேயே வைத்தியரிடம் கூறியவருக்கு, அது உறுதிப்பட ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்றன.

இத்தாமதம் தனியொரு வைத்தியரின் தவறன்று. 1943 இல் அமெரிக்காவில் லியோ கன்னர் இந்நிலையை விவரித்தபோது எடுத்துக்காட்டிய 11 பிள்ளைகளுள் எண்மர் ஆண்கள். ஆண் பிள்ளைகளைக் கண்டு வகுத்த இலக்கணத்துள் வளர்ந்த பெண் அடங்காள். தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணாயின் அவளது தவிப்பு அடங்காமையென்றே கொள்ளப்படும்.

பெயர் கிடைத்ததும் துயர் தீர்ந்ததென நூல் கூறவில்லை. பழைய ‘குற்றங்கள்’ புதுப்பொருள் பெறுகின்றன. அவற்றைக் குற்றமென்ற வீடும் பாடசாலையும் அவ்வாறே நிற்கின்றன. அவற்றையும் விசாரணைக்குட்படுத்துவதாலேயே இந்நூல் தனிமனித ஒப்புதலாக ஒடுங்காது, சமூக விமரிசனமாகிறது.