‘ஒரு துருவ ஆண்டு’: ஊர்மொழி கற்க வேண்டாம் என்று அனுப்பப்பட்ட ஆசிரியர்

ஆசிரியரைப் பற்றிய படம் என்றாலே கதை நமக்கு முன்கூட்டியே தெரியும். அடங்காத வகுப்பு, புதிதாக வரும் ஆசிரியர், முதல் மாதம் அவமானம், கடைசி மாதம் கைத்தட்டல். பிரெஞ்சு இயக்குநர் சாமுவேல் கொலார்டே எடுத்து 2018இல் வெளிவந்த ‘ஒரு துருவ ஆண்டு’ படமும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் இது எழுப்பும் கேள்வி வேறு. மாணவரின் மொழி தெரியாமல் ஒருவர் அந்த மாணவருக்கு ஆசிரியராக இருக்க முடியுமா? மொழி ஆசிரியர்களான நாம் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுக் கொஞ்சம் சண்டையும் போட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் கதை. கிழக்குக் கிரீன்லாந்தில் தினிதெகிலாக் என்று ஒரு சிற்றூர். இனுயிட் மக்கள் சுமார் 80 பேர் வாழ்கிறார்கள். கடல்நாய் வேட்டையும் மீன்பிடிப்பும் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியும்தான் அவர்கள் வாழ்க்கை. அங்கே ஆசிரியராக வருகிறார் ஆண்டர்ஸ் என்ற டென்மார்க் இளைஞர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவின் பண்ணையை எடுத்து நடத்த வேண்டியவர், அது வேண்டாம் என்று இவ்வளவு தூரம் வந்துவிடுகிறார்.

இதில் நடித்த ஆண்டர்ஸ் உண்மையிலேயே அந்த ஊருக்கு ஆசிரியராகப் போனவர். ஊர் மக்களும் தங்களையேதான் நடித்திருக்கிறார்கள். கொலார்டே 2008இல் எடுத்த தம் முதல் முழுநீளப் படத்திலும் இதே முறையைக் கையாண்டவர். அதனால் இது ஆவணப்படமா கதைப்படமா என்று பிரிப்பது கஷ்டம். அந்தக் குழப்பம் படத்துக்கு நல்லதே செய்கிறது. யாரும் கேமராவுக்காக அழுவதில்லை, வசனம் பேசுவதில்லை.

படத்தின் விதை தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. ஆண்டர்ஸ் கிளம்புவதற்கு முன் கல்வி அதிகாரி ஒருவர் அவருக்கு அறிவுரை சொல்கிறார். அங்குள்ளவர்களின் மொழியைக் கற்க முயலாதீர்கள், உங்கள் வேலை டேனிஷ் மொழி கற்பிப்பது, அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நிர்வாகக் குறிப்பு மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார். அதுதான் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது.

இந்த அறிவுரைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. டென்மார்க்கின் ஆதிக்கம் கிரீன்லாந்தில் 1721இல் தொடங்கியது. 1951இல் 22 இனுயிட் குழந்தைகளை டென்மார்க்குக்குக் கொண்டு போனார்கள். அவர்களை டேனிஷ் பேசும் மாதிரிக் குடிமக்களாக வளர்ப்பது திட்டம். திரும்பி வந்த பிள்ளைகளைப் பெற்றோரிடம் அனுப்பாமல் காப்பகத்தில் வைத்தார்கள். தாய்மொழி மறந்துபோய், சொந்தத் தாயிடமே பேச முடியாத நிலைக்கு ஆளானார்கள். இதற்காக டென்மார்க் அரசு மன்னிப்புக் கேட்டது 2020இல்தான். பிரதமர் 2022இல் அவர்களை நேரில் சந்தித்தும் மன்னிப்புக் கேட்டார். அப்போது உயிரோடு இருந்தவர்கள் ஆறே பேர். இடையில் 1979இல் கிரீன்லாந்துக்கு உள்நாட்டு ஆட்சி கிடைத்தது. 2009இல் கிரீன்லாந்து மொழியே ஆட்சிமொழி என்று சட்டமானது. படம் இதையெல்லாம் பாடமாக ஒப்பிக்கவில்லை. அதிகாரியின் அந்த ஒரு பேச்சிலேயே முழுப் பாரமும் வந்துவிடுகிறது.

வகுப்பறைக் காட்சிகளை நம் ஆசிரியர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசிச் சிரிக்கிறார்கள். ஆண்டர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால் அது அவருக்குச் சத்தமாகத்தான் கேட்கிறது. இங்கே கேமரா ஆசிரியர் பக்கம் சாயவில்லை, பாருங்க. அவர் குரல் உயர உயர, அதிகாரம் குறைகிறது என்பதை நமக்குக் காட்டுகிறது. ஊர் மக்களும் அவரை விரட்டவில்லை, வரவேற்கவும் இல்லை. வருவார்கள், போவார்கள் என்று எத்தனையோ ஆசிரியர்களைப் பார்த்த ஊரின் பொறுமை அது.

அசர் என்ற சிறுவன் நாள்கணக்கில் பள்ளிக்கு வரவில்லை. தாத்தாவோடு வேட்டைக்குப் போய்விட்டான். ஆண்டர்ஸ் வீடு தேடிப் போகிறார். பையன் வேட்டைக்காரனாகப் போகிறான், அதற்கு வேண்டியதைத் தாத்தாவிடம் கற்றுக்கொள்கிறான் என்பதுதான் பாட்டியின் நிலை. இதில் மன்னிப்புக் கேட்கும் தொனி துளியும் இல்லை. ஆசிரியர் வராமை என்று பதிவேட்டில் குறித்த நாள்களைப் பாட்டி கல்வி என்கிறார். பனிக்கட்டி ஆளைத் தாங்குமா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதும், நாய்களைப் பழக்குவதும், அடித்த கடல்நாயை வீணாக்காமல் அறுப்பதும் பல ஆண்டுகள் படிக்க வேண்டிய பாடங்கள். தவறாகப் படித்தால் உயிர் போகும். படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் கருத்து.

அதன் பிறகு ஆண்டர்ஸ் மாறுகிறார். அறிவுரையை மீறி ஊர்மொழியைக் கற்கத் தொடங்குகிறார். நாய்வண்டி ஓட்டப் பழகுகிறார், வேட்டைக்காரர்களோடு பனியில் பயணம் போகிறார். ஊரும் மெல்ல மெல்ல அவரை ஏற்றுக்கொள்கிறது. பனிவெளி, வெண்கரடி என்று காட்சிகள் ரொம்ப அழகு. சொல்லும் செய்தியும் நல்லதுதான்: கற்பிக்க வந்தவர் முதலில் கற்க வேண்டும்.

என் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் நல்லவராக மாறியதும் வகுப்பறை படத்தின் பின்பக்கம் போய்விடுகிறது. ஒரு கல்விப் பிரச்சினையை இயக்குநர் ஒரு மனிதரின் மனமாற்றமாகச் சுருக்கிவிடுகிறார். ஆண்டர்ஸ் நாய்வண்டி ஓட்டிவிட்டார், சரி. அசருக்கு நாளைக்கு என்ன பாடம், எந்த மொழியில்?

இந்தக் கேள்வி சும்மா கேட்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். வீட்டில் பேசுவது கிழக்குக் கிரீன்லாந்து மொழி. அதைப் பேசுவோர் சுமார் 3,000 பேர்தான். ஆட்சிமொழியாகவும் பாடநூல் மொழியாகவும் இருப்பது மேற்குக் கரையின் கலாலிசுட். ஒலியிலும் சொல்லிலும் அது நிறையவே வேறுபடும். மேற்படிப்புக்கு டேனிஷ் வேண்டும். மேல்நிலைக் கல்விக்கூடங்கள் நூக், சிசிமியுட், ஆசியாட், கார்கார்தோக் ஆகிய நான்கு நகரங்களில்தான். அவற்றில் ஒன்றுகூடக் கிழக்குக் கரையில் இல்லை. நடுவே பிரம்மாண்டமான பனிப்பாளம். மேலே படிக்க நினைக்கும் பிள்ளை வீட்டையும் மொழியையும் சேர்த்தே விட்டுப் போக வேண்டும்.

அப்படின்னா பாட்டி சொல்வது சரி. டேனிஷ் தெரியாவிட்டால் பின்னால் பல கதவுகள் மூடிவிடும் என்று கவலைப்படும் ஆசிரியரும் சரி. இரண்டு சரிகளும் மோதும் இடம்தான் உண்மையான கதை. வேட்டைக்காரனாக ஆசைப்படும் பையன் 17 வயதில் மனம் மாறி, மேலே படிக்கிறேன் என்று சொன்னால்? படம் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு, கேமராவைப் பனிமலைப் பக்கம் திருப்பிக்கொள்கிறது.

இது கலைப்படைப்பு, கல்வி அறிக்கை இல்லையே என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மொழியைப் பற்றிய கேள்வியை முதல் காட்சிகளிலேயே போட்டது படம்தானே? போட்ட கேள்வியை ஊர் விருந்தோம்பலில் கரைத்துவிடுவது குறைதான். மரியாதை இருந்தால்தான் ஆசிரியர் வாசலைத் தாண்டி உள்ளே நுழைய முடியும். உள்ளே வந்தபின் பாடநூலும் பாடத்திட்டமும் பிள்ளையின் மொழியோடு பேச வேண்டும். அந்த வேலை ஆண்டர்ஸ் ஒருவரால் முடியாது.

நம் நிலைமையும் அவர்கள் நிலைமையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. நாம் மாணவரின் மொழி தெரிந்த ஆசிரியர்கள். ஆனாலும் வீட்டில் பேசும் தமிழுக்கும் தாளில் எழுத வேண்டிய தமிழுக்கும் இடையே நம் பிள்ளைகளும் தினமும் நடக்கிறார்கள். ஒரு மாணவி வாய்மொழித் தேர்வில் “அவங்க சொன்னாங்க” என்று தொடங்கும்போது, அவள் சொல்ல வந்ததை முதலில் கேட்கிறோமா, வடிவத்தை முதலில் திருத்துகிறோமா? புரியாத பேச்சு ஆண்டர்ஸுக்குச் சத்தமாகக் கேட்டது. புரிந்த பேச்சே நமக்குப் பிழையாக மட்டும் கேட்டுவிடக் கூடாது இல்லீங்களா?

குறை சொன்னாலும் வகுப்பில் காட்டத் தகுந்த படம் இது. வேட்டைக் காட்சிகள் இருப்பதால் ஆசிரியர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் மேல்படிவ மாணவர்களுக்குக் காட்டலாம். அதன்பின் கலந்துரையாட மூன்று வினாக்கள்:

1. ஊர்மொழியைக் கற்க வேண்டாம் என்று அதிகாரி ஏன் சொல்லியிருப்பார்? அவர் தரப்பில் நின்று ஒரு காரணமும், அதற்கு மறுப்பாக ஒரு காரணமும் எழுதுக.

2. பள்ளிக்கு வராத அசர் கல்வியை இழக்கிறானா, பெறுகிறானா? படத்தின் ஒரு காட்சியைச் சான்றாகக் காட்டி வாதிடுக.

3. நீங்கள் தினிதெகிலாக்கின் ஆசிரியர் என்றால், முதல் வாரத்தில் எந்தப் பாடத்தை எந்த மொழியில் தொடங்குவீர்கள்? ஏன்?

மாணவர்களுக்கு ஒரு சொல். விமர்சனம் எழுதும்போது படம் நன்றாக இருக்கிறது, ஒளிப்பதிவு அருமை என்று நிறுத்திவிடாதீர்கள். படம் எந்தக் கேள்வியை எழுப்பியது, அதற்கு எவ்வளவு தூரம் பதில் சொன்னது, எங்கே நழுவியது என்று காட்சியோடு காட்டுங்கள். உங்கள் கருத்து என் கருத்தோடு மோதினாலும் பரவாயில்லை. மூன்றாம் வினாவுக்கு எனக்கும் இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.