மாளிகையும் தொழுவமும்

'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு என்பதைத் திருக்குறள் கற்றோர் அறிவர். கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டுள்ளார். இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கூடிய இடம் ஒன்று சிங்கப்பூரிலும் இருந்தது. அதுவே சிராங்கூன் சாலைப் பகுதி. கடல் கடந்து வந்து, அங்கு மாடு விற்றும் வளர்த்தும் குடும்பத்தை நிலைநிறுத்தியோரின் வரலாற்றை நாம் எவ்வாறு சொல்லி வருகிறோம்? அவ்வரலாறு நிறைவுடையதா? தமிழ் கற்பிப்போர் எண்ணிப் பார்க்கவேண்டிய வினாக்கள் இவை.

முதற்கண் தெருப்பெயர்களை நோக்குவோம். கெர்பாவ் சாலையும் பஃபலோ சாலையும் அருகருகே உள்ளன. முன்னது மலாய், பின்னது ஆங்கிலம், இரண்டிற்கும் பொருள் எருமையே. லெம்பு சாலையில் உள்ள 'லெம்பு' மாட்டைக் குறிக்கும் மலாய்ச் சொல். காண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். 1966-ஆம் ஆண்டில் 39,000-க்கும் மேற்பட்ட பிள்ளைப்பேறுகளைக் கண்டு உலகோர் வியக்க நின்ற மருத்துவமனை அப்பெயரையே தாங்கியிருந்தது. ரோச்சோர் ஆற்றின் நீரும் தாழ்நிலத்துப் புல்லும் 19-ஆம் நூற்றாண்டில் மாட்டுத் தொழிலை அவ்விடத்துக்கு ஈர்த்தன. வண்டி இழுக்கவும், பாலுக்கும், இறைச்சிக்கும் வளர்ந்து வந்த நகருக்கு மாடு வேண்டியிருந்தது.

இனி ஆட்பெயர்கள். பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவில் பிறந்து இங்கு வந்து மாட்டு வணிகத்தில் முன்னணியில் நின்ற யூதர் ஒருவரின் பெயரைக் கொண்டது. டெஸ்கர் சாலை, இறைச்சி வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவரின் பெயரைக் கொண்டது. கொணர்ந்து விற்றவருக்கு ஒரு தெரு; அறுத்து விற்றவருக்கு ஒரு தெரு. இவ்விருவருக்கும் இடையில் மாட்டுக்குப் புல்லறுத்துப் போட்டு, நீர்காட்டி, விடியுமுன் பால் கறந்தவர் எங்கே? மாட்டின் தொடக்கமும் முடிவும் தெருவில் எழுதப்பட்டன. அதன் வாழ்வு எழுதப்படவில்லை.

தமிழருள் இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் மூனா காதர் சுல்தான். பெயரின் முன்னெழுத்தை இவ்வாறு 'மூனா' என ஒலிப்பது அக்கால வணிகர் வழக்கு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் பிறந்த அவர், இங்கு 'மாட்டு மன்னர்' எனப் பெயர் பெறும் அளவுக்கு உயர்ந்தார். 1917-ஐ ஒட்டிக் காத்தோங் கடற்கரையில் மாளிகை எழுப்பி, அதற்குக் 'காரைக்கால் மஹால்' எனத் தம் ஊரின் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் அது தங்குவிடுதியாயிற்று. வளாகத்தின் ஊடே சாலையும் சென்றது. பிறந்த மண்ணை மறவாத அப்பண்பு போற்றத்தக்கதே. ஆயினும், அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மாளிகையின் எழிலில் தொடங்கி மாளிகையின் கதியில் முடித்துவிடுகின்றனர். மாளிகைக்குப் பணம் தந்தது தொழுவம் அன்றோ? தொழுவத்தைச் சொல்லாத வரலாறு, வேரைச் சொல்லாமல் கனியை மட்டும் புகழ்வது போன்றது.

எம் புக்கிட் பாஞ்சாங்கிலும் இதற்குச் சான்று உண்டு. இங்குள்ள 'டெய்ரி ஃபார்ம்' சாலை, 1930-ஐ ஒட்டிக் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனத்தார் நடத்திய பால் பண்ணையால் பெயர் பெற்றது. அப்பண்ணையின் பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று நல்வாய்ப்பாக இடிபடவில்லை. 2009-இல் அதனைக் கல்வி நிலையமாக்கியபோது, 1854-இல் புக்கிட் தீமா காட்டில் வண்டினங்களைச் சேகரித்த இயற்கையியல் அறிஞர் வாலசின் பெயர் அதற்கு இடப்பட்டது. அறிஞரைப் போற்றுவது தகும். எனினும், தொழுவமே எஞ்சி நின்ற இடத்திலும் மாடு மேய்த்தவர் பெயர் ஏறவில்லை என்பதைக் குறிக்காமல் இருக்க இயலவில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கிங் பண்ணை என்பது பல தலைமுறை கண்ட மாட்டுப் பண்ணை. அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ரிச்சர்டு கிங் 1853-இல் அதற்கு நிலம் வாங்கினார். அடுத்த ஆண்டு, வறட்சியுற்ற மெக்சிகோ சிற்றூர் ஒன்றில் மாடுகளை வாங்கிய அவர், அவ்வூர் மக்களையும் தம் பண்ணைக்கு அழைத்து வந்தார். அவர்தம் வழியினர் 'கிங்கின் ஆட்கள்' என்று பொருள்படும் பெயராலேயே அழைக்கப்பட்டனர். 1957-இல் டாம் லீ இரு தொகுதிகளாக எழுதிய பண்ணை வரலாறு புகழ்பெற்றது; அதன் தலைவர் கிங்கே. மேய்த்த குடும்பங்களின் வாய்மொழியைத் திரட்டிய நூல் 1997-இல்தான் வந்தது. நாற்பது ஆண்டு தாழ்த்தேனும் வந்தது. நம்மிடம் அத்தகைய நூல் எழவேண்டாமா?

தமிழ் மரபு இதற்கு வழிகாட்டவில்லை என்று கூற இயலாது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டியது நம் மரபு. இளங்கோவடிகள் ஆயர்குல மூதாட்டிக்கு மாதரி என்றும், அவள் மகளுக்கு ஐயை என்றும் பெயர் தந்து, கோவலனும் கண்ணகியும் அவர்கள் மனையில் அடைக்கலம் பெற்றதைக் காப்பியத்தின் நடுவே வைத்தார். மாளிகை இல்லாதவர் காவியத்துக்கு ஆகார் என்று அவர் கருதவில்லை.

'ஏழையர் ஆவணம் விட்டுச் செல்வதில்லை, எழுதுவோர் என்செய்வர்?' என்று சிலர் வினவலாம். ஓரளவு உண்மையே. ஆனால் வாய்மொழியும் ஆவணமே. 1979 முதல் சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் பணி நடந்து வந்துள்ளது. சிராங்கூன் சாலைத் தொழுவங்கள் 1930-களில் மறைந்தன. அதன்பின்னும் போத்தோங் பாசிர் போன்ற இடங்களில் இந்தியர் மாடு வளர்த்தனர். அவருள் தமிழரும் இருந்தனர், வடநாட்டாரும் இருந்தனர். மிதிவண்டியில் வீடு வீடாகப் பால் கொடுத்த அந்தத் தலைமுறை முதுமை எய்திவிட்டது. காலம் நமக்காகக் காத்திராது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பசு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லாத தமிழ் வகுப்பு அரிது. பசுவுக்குக் கால் நான்கு என்பதில் தொடங்கிச் சாணம் எருவாகும் என்பதில் அது முடியும். அதைக் கறந்த கை அதில் வராது. அத்தலைப்பைச் சற்றே மாற்றுவோம். எந்த ஊரிலிருந்து வந்தார், யாரிடம் தொழில் கற்றார், வீட்டுப் பெண்டிர் எவ்வேலை செய்தனர், மாட்டுக்கு என்ன பெயரிட்டனர், கடைசி மாட்டை எப்போது விற்றனர் என ஐந்து வினாக்களை மாணவர் கையில் கொடுத்துத் தம் குடும்பத்து, அண்டை வீட்டு முதியோரிடம் அனுப்புவோம். அவர்கள் கொண்டுவரும் விடைகளே அடுத்த வரலாற்று நூலுக்கு மூலமாகும். மாளிகையைக் காக்க அரசு உண்டு. தொழுவத்தின் நினைவைக் காக்கவேண்டியவர் நாமே.