மேடையேறிய கன்றுக்குட்டி

பள்ளி இலக்கிய மன்ற விழாக்களில் கவிதை ஒப்புவித்தல் போட்டிக்கு நடுவராக அமரும் வாய்ப்பு எனக்குப் பலமுறை கிடைத்துள்ளது. அண்மையில் அத்தகைய விழா ஒன்றில், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'பசுவும் கன்றும்' பாடலைச் சொல்லவந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி பாதியில் மறந்து நின்றாள். விதிப்படி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவள் அழுதுகொண்டே இறங்கினாள். அன்றிரவு அப்பாடலை மீண்டும் படித்தபோது, பிழை அவளுடையதன்று எனத் தெளிந்தேன்.

தேரூரில் பிறந்த கவிமணி (1876-1954) நெடுங்காலம் ஆசிரியராகப் பணியாற்றியவர். குழந்தையின் நாவையும் மூச்சையும் அறிந்து எழுதியவர். இப்பாடலில் ஓரடி பசுவுக்கு, அடுத்த அடி கன்றுக்கு. அடிகளின் இறுதியில் அவ்விரு பெயர்களே மாறிமாறி வருகின்றன; செயல்கள் மட்டுமே புதியன. தாய் அழைக்கிறது, கன்று ஓடிவருகிறது. தாய் நக்குகிறது, கன்று பால் குடிக்கிறது. தொடக்கத்தில் பசு மேய்ச்சலிலும் கன்று விளையாட்டிலும் தனித்தனியே இருக்க, அடிதோறும் இடைவெளி குறைந்து, முடிவில் இரண்டும் ஒட்டிநிற்கின்றன. 'தாயை நேசி' என்று ஒரு சொல்லும் கவிஞர் கூறவில்லை. கூறாமையே இப்பாடலின் வெற்றி. அவருடைய குழந்தைப் பாடல்கள் அனைத்தையும் இவ்வாறு போற்ற இயலாது. சிலவற்றில் ஆசிரியர் கவிஞரை முந்திக்கொண்டு அறிவுரை சொல்லிவிடுகிறார்.

அழைப்பும் மறுமொழியுமாக அமைந்த இப்பாடலை நாம் என்ன செய்கிறோம்? ஒரே குழந்தையை ஒலிபெருக்கி முன் நிறுத்தி, பசுவும் நீயே, கன்றும் நீயே என்கிறோம். அழைக்க எவருமின்றிக் கன்று மேடையில் திகைக்கிறது. மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. நம் முன்னோரின் நினைவாற்றல் இன்றேல் தமிழின் பெருஞ்செல்வம் நம்மை வந்தடைந்திராது. ஆயினும் பலர் கூடிச் சுமக்கும் நினைவில், ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்குவர். போட்டியிலோ ஒருவரின் மறதி மற்றவரின் பரிசாகிறது.

மறுவாரம் தலைமையாசிரியை அம்மையாரின் இசைவுடன் அவ்வகுப்பிற்குச் சென்றேன். ஒருபாதிப் பிள்ளைகள் பசுவாயினர், மறுபாதியினர் கன்றாயினர். அச்சிறுமி கன்றுகளின் வரிசையில் நின்று பாடினாள். பாடல் முடிந்ததும், 'நாங்களும் ஒருதரம் கன்றாகிறோம், சாமி' என்று எதிர்வரிசையார் கெஞ்சினர். மீண்டும் பாடினோம். எவரேனும் ஓரடியை மறந்தனரா என்பதை நான் கவனிக்கவில்லை.

ஆண்டுவிழாவிற்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியப் பெருமக்களே, ஒரு நிகழ்ச்சிக்கேனும் நடுவரின் நாற்காலியை அகற்றிவிடுங்கள்.